வாசலில் கேட்க வேண்டிய கேள்வி

அந்த ஓட்டல் கம்பெனியின் விதிப்புத்தகம் கனமானது. அதில் வாசல்காரருக்கு ஒரே ஒரு பக்கம். கார்க் கதவை எந்தக் கையால் திறப்பது, மற்றக் கையை விருந்தினரின் தலைக்கு மேல் எங்கே பிடிப்பது, மழையில் குடையை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று பதினாறு வரிகள். பதினோராவது வரி இது: வெளியே புறப்படும் விருந்தினர் கடைசிப் படியில் கால் வைப்பதற்கு முன், அவர் எங்கே செல்கிறார் என்று புன்னகையுடன் கேட்க வேண்டும். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் எழுதிக்கொடுத்தவன் நான். அந்த வரிக்கு வந்தபோது கை கொஞ்சம் நின்றது. பிறகு எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

நின்றதற்குக் காரணம் உண்டு. நான் பிறந்தது கடலூருக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில். வீட்டை விட்டுப் புறப்படுகிறவரை எங்கே போகிறாய் என்று எங்கள் ஆட்கள் கேட்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் பல வீடுகளில் இந்த வழக்கம் இருக்கிறது. யாராவது மறந்து கேட்டால் ஒரு முகச்சுளிப்போடு முடிந்துவிடும். கடலுக்குப் போகிறவர்களிடம் அப்படி முடியாது. வலையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்குகிறவரைக் கேட்டுவிட்டால் அவர் திரும்பி வீட்டுக்குள் போவார், உட்காருவார், ஒரு சொம்புத் தண்ணீர் குடிப்பார், அதன் பிறகுதான் மறுபடி புறப்படுவார். சிலர் அன்றைக்குப் போகவே மாட்டார்கள். தெரிந்தே ஆக வேண்டும் என்றால் கேட்பதற்கு வேறு ஒரு சொல் இருக்கிறது. "தூரமா?" என்பார்கள். ஆமாம் என்றாலும் கிட்டத்தான் என்றாலும் அதற்கு மேல் கேள்வி கிடையாது.

சிதம்பரத்தில் ஒரு நாளிதழின் செய்தியாளனாகப் பதினொரு ஆண்டுகள் இருந்தேன். யார், எங்கே, எப்போது என்று ஊரெல்லாம் கேட்டுப் பிழைத்தவன். வீட்டில் மட்டும் அந்த இரண்டாவது கேள்வியைப் புறப்படுகிற யாரிடமும் கேட்டதில்லை.

ஓட்டல் வரப்போகிறது என்ற செய்தியை முதலில் எழுதியவனும் நானே. எங்கள் குப்பத்தை ஒட்டிய சவுக்குத் தோப்பில் ஊர்க்கூட்டம் நடந்தது. கம்பெனி சார்பில் வந்தவர் மெல்லிய குரலில் பேசினார். கடலுக்கு இறங்கும் பாதையை மூட மாட்டோம், வீட்டுக்கு ஒருவருக்கு வேலை, ஆறு மாதம் பயிற்சி, ஒழுங்காக முடித்தால் நிரந்தரம் என்றார். நான் அதை அப்படியே எழுதினேன். 'என்றார்' என்று வாக்கியத்தை முடித்துவிட்டால் செய்தியாளனுக்குப் பொறுப்பு இல்லை. பாதையை அவர்கள் மூடவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இரண்டு பக்கமும் மூங்கில் தட்டி வைத்து, நடக்கிறவர்கள் விருந்தினர் கண்ணில் படாதபடி செய்தார்கள், அவ்வளவுதான்.

அடுத்த ஆண்டு எங்கள் நாளிதழ் சிதம்பரம் அலுவலகத்தை மூடியது. அதே மெல்லிய குரல்காரர் போனில் கூப்பிட்டார். ஊரைத் தெரிந்த, ஆங்கிலமும் எழுதத் தெரிந்த ஆள் தேவை என்றார். விதிப்புத்தகத்தைத் தமிழில் எழுதுவது, பயிற்சி வகுப்பில் மொழிபெயர்ப்பது, அறைகளில் வைக்கும் அட்டைகளில் ஊரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதுவது. சேர்ந்துகொண்டேன்.

அந்தக் கம்பெனி வளர்ந்த விதத்தை உள்ளே போன பிறகுதான் புரிந்துகொண்டேன். வடக்கே ஒரு மலை ஊரில் ஒற்றைப் பங்களாவில் தொடங்கியது. பிறகு, வாரிசுகளால் வெள்ளையடிக்கக்கூட முடியாமல் போன அரண்மனைகளுக்குள் நுழைந்தது. பிறகு காடு, ஏரி, தேயிலைத் தோட்டம் என்று பரவியது. ஆனால் கம்பெனி எங்கேயும் கட்டடம் கட்டுவதில்லை. கட்டுகிறவர் வேறு ஒருவர். எங்கள் தோப்பை வாங்கி ஓட்டலைக் கட்டியவர் பண்ருட்டிப் பக்கத்து முந்திரி முதலாளி. சிதம்பரத்தில் தேர் ஓடும் வீதிக்குப் பின்னால் பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டை வாங்கிச் சிறிய ஓட்டலாக்கியவரும் அவரே. கம்பெனி கொண்டுவந்தது தன் பெயரும் அந்தப் புத்தகமும். சுவர் ஒருவருடையது, வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் ஒப்பந்தக்காரர் அனுப்பிய ஆட்கள், புத்தகம் மட்டும் கம்பெனியுடையது. விருந்தினர் பாராட்டினால் பாராட்டு புத்தகத்துக்குப் போகும். ஏதாவது கெட்டுப்போனால் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள்.

எங்கள் குப்பத்திலிருந்து வேலைக்குப் போனவர்களில் என் அக்கா புருஷனும் ஒருவர். அப்போது அவருக்கு ஐம்பதுக்குக் கொஞ்சம் குறைவு. ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற மீசை. முந்தைய வருடம் வலை இழுக்கும்போது வலது தோள் மூட்டு விலகியது. கட்டுப் போட்டும் சரியாகச் சேரவில்லை. வலை இழுக்க முடியாதவர் படகில் பாரம். ஃபைபர் படகில் தனக்கிருந்த பங்கைக் கூட்டாளிகளிடமே விட்டுவிட்டார். திரும்பிப் போக வழி கிடையாது. இந்த வேலை நிரந்தரமாக வேண்டும் என்பது ஒன்றுதான் அந்த வீட்டின் பேச்சு. காலையில் டீ கொதிக்கும்போதே அக்கா விரல் விட்டு மாதத்தை எண்ணுவாள்.

ஆள் எடுக்க வந்த பெங்களூர் அம்மாள் அவரிடம் எதையும் கேட்கவில்லை. எழுந்து நிற்கச் சொன்னார். ஒரு முறை திரும்பி நடக்கச் சொன்னார். "அந்த மீசையில் யாரும் கை வைக்கக் கூடாது" என்று பக்கத்தில் இருந்தவரிடம் ஆங்கிலத்தில் சொன்னார். வேலை கிடைத்துவிட்டது. வாசலில் நிற்க வேண்டியது.

சீருடை தைத்து வந்த அன்று வீட்டில் காட்டுவதற்காகப் போட்டுக்கொண்டே வந்தார். சிவப்பு அங்கி, இடுப்பில் தங்க நிறப் பட்டை, விசிறி மடிப்பு வைத்த தலைப்பாகை. கடலூர் மாவட்டத்தில் எந்தக் காலத்திலும் யாரும் உடுத்தாத உடை. வடக்கே அரண்மனை ஓட்டல்களுக்கு வரைந்த வடிவத்தை அப்படியே அனுப்பியிருந்தார்கள்.

"கூத்துல கட்டியக்காரன் வந்து நிக்கிற மாதிரி இருக்குது," என்றாள் அக்கா. "ராஜா எப்ப வருவாரு?"

"ராஜா வந்தா நான்தான்டி கதவத் தொறக்கணும். ஒனக்கு இன்னும் வெவரம் புரியல."

"தொற, தொற. இந்த ஊட்டுக் கதவ ஒரு நாளாவது தொறந்து வுட்டுருக்கியா?"

அவர் தலைப்பாகையைக் கழற்றி என் தலையில் வைத்தார். "நீ போட்டுக்க மச்சான். பேப்பர்காரனுக்கு நல்லா பொருந்துது. பாதி மூஞ்சி மறையுது."

பயிற்சி வகுப்பு சிதம்பரம் வீட்டின் கூடத்தில் நடந்தது. புதுச் சுண்ணாம்பு வாசம் இன்னும் போகவில்லை. பயிற்சி கொடுத்தவர் டில்லியிலிருந்து வந்த ஒரு பெண். நல்லவர், யாரிடமும் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அவரே விருந்தினராக நடித்து வாசல் வழியாக வருவார், போவார். மாமா கதவைத் திறந்தார், கையைத் தலைக்கு மேல் பிடித்தார், விருந்தினர் பெயரைச் சரியான இடத்தில் சொன்னார். எல்லாம் ஒரே நாளில் வந்துவிட்டது. ஆனால் பயிற்சியாளர் வெளியே புறப்பட்டபோது கையைக் கூப்பி, "போயிட்டு வாங்க மேடம்" என்றார்.

பயிற்சியாளர் நின்றார். பதினோராவது வரியை வாசிக்கச் சொன்னார். நான் தமிழில் வாசித்தேன்.

மாமா என்னைப் பார்த்தார். "இது நீ எழுதினதா மச்சான்?"

"அவுங்க எழுதினது மாமா. நான் தமிழ்ல போட்டேன்."

"போடும்போது ஒனக்கு ஒண்ணும் தோணல?"

சமையல் பகுதிக்குச் சேர்ந்திருந்த சிதம்பரத்துக்காரர் ஒருவர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "எங்க ஊருல இத வேற கேக்கணுமா சார்? பொட்டி இல்லாம போனா கோயிலு. பொட்டியோட போனா ரயிலு." கூடம் சிரித்தது. என்ன என்று பயிற்சியாளர் கேட்டார். சொன்னேன். அவரும் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் மாமா நிதானமாகச் சொன்னார். "மேடம்கிட்ட சொல்லு. பொறப்படுறவங்கள எங்கன்னு கேட்டா போற காரியம் வெளங்காது. நம்ம வாசலத் தாண்டிப் போறவங்க நல்லபடியா போயி நல்லபடியா வரணும். அதுக்குத்தான் கேக்கல. வேணும்னா தூரமான்னு கேக்கறேன்."

நான் ஆங்கிலத்தில் சொன்னது இது: "அவருக்குக் கொஞ்சம் கூச்சம். பழகிவிடுவார்."

மூடநம்பிக்கை என்ற சொல் அவருடைய கோப்பில் ஏறிவிடக் கூடாது என்று நினைத்தேன். அந்தச் சொல்லின் எடை எனக்குத் தெரியும். எங்கள் குப்பங்களைப் பற்றி நான் அனுப்பும் செய்திகளில் தலைமை அலுவலக மேசையில் இருந்தவர்கள் அதை இரண்டு முறை சேர்த்திருக்கிறார்கள். அதனால் நான் செய்தது உதவி என்று வெகுநாள் சொல்லிக்கொண்டேன். உண்மை அதைவிடச் சின்னது. கூடம் நிறைய ஆட்களுக்கு முன்னால் என் அக்கா புருஷன் நம்புவதை ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

கூச்சத்துக்கு மருந்தாக அவரை ஆங்கில வகுப்பில் போட்டார்கள். வாரத்துக்கு மூன்று நாள். இளைஞர்கள் பாதியில் நழுவிய வகுப்பு அது. மாமா ஒரு நாள்கூட விடவில்லை. மீன் விற்கப் போகும் அக்காவிடம் "குட் மார்னிங் மேடம்" என்பார். அவள் கூடையைத் தூக்கித் தலையில் வைத்தபடி, "மொதல்ல கூடையில ஒரு கை புடி, மார்னிங்க அப்புறம் பாக்கலாம்" என்பாள்.

கடற்கரை ஓட்டல் திறந்தது. வாசலில் அவர் நின்றதில் கம்பெனிக்கு ஒரு லாபம் கிடைத்தது. அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து காற்று திரும்பும் நாட்களில் கெமிக்கல் நாற்றம் கடற்கரை வரைக்கும் வரும். தொழிற்பேட்டையை ஒட்டிய செம்மங்குப்பத்து மக்களுக்கு அது புதிதல்ல. கடலைப் பார்த்துச் சாப்பிட வந்தவர்களுக்குப் புதிது. படியில் நின்றபடியே மாமா காற்றைப் பார்த்துவிடுவார். உள்ளே வந்து, "இன்னும் அரை மணி நேரத்துல நாத்தம் வரும். மேஜைய உள்ள போட்டுடுங்க" என்பார். அரை மணி நேரத்தில் வரும். சில வாரங்களில் அது ஒரு நடைமுறையாகவே மாறியது. கம்பெனியின் மற்ற ஓட்டல்களுக்கும் முன்னுதாரணமாக அனுப்பினார்கள். அந்தக் குறிப்பை எழுதியது நான். விருந்தினர் அனுபவக் குழு கண்டுபிடித்தது என்று அதில் இருந்தது. அப்படித்தான் எழுதச் சொன்னார்கள்.

பதினோராவது வரி மட்டும் அப்படியே கிடந்தது. விருந்தினர் படி இறங்கும்போது மாமா தனக்குத் தெரிந்த சமாதானத்தை ஆங்கிலத்தில் செய்துகொண்டார். "ஃபார், சார்?" என்று கேட்பார். தமிழர்களில் சிலருக்குப் புரிந்து, "இல்லப்பா, பிச்சாவரம் வரைக்கும்" என்று அவர்களாகவே சொல்லிவிட்டுப் போவார்கள். ஒரு வெள்ளைக்காரர், "ஆமாம், ரொம்பத் தூரம், ஜெர்மனி" என்றார். மேற்பார்வையாளர் இரண்டு முறை எச்சரித்தார். இரண்டாவது எச்சரிக்கைக்குப் பிறகு நான் வாசலுக்குப் போய்ப் பேசிப் பார்த்தேன்.

"ஒரு வார்த்தைதான மாமா. வாய் வார்த்தையா கேட்டுட்டுப் போங்களேன்."

"வாய் வார்த்ததான். நீயும் வாய் வார்த்தையிலதான சோறு தின்ற. ஒன் பொண்டாட்டி பொறப்படும்போது நீ கேளு பாக்கலாம்."

"அவுங்க நம்ம ஊரு ஆளு இல்ல. அவுங்களுக்கு ஒண்ணும் ஆவாது."

"யாருக்கு என்னா ஆவும்னு ஒனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது மச்சான். தெரியாததாலதான் கேக்கல."

ஒரு கார் வந்து நின்றது. அவர் படி இறங்கிப் போய்க் கதவைத் திறந்தார். வலது கையால் இழுக்க முடியாததால் இடது கையால் திறக்கப் பழகியிருந்தார். விதிப்புத்தகமும் இடது கையைத்தான் சொல்லியிருந்தது. அந்த ஒன்றில் அவருக்கு அதிர்ஷ்டம்.

இப்படிப்பட்ட கம்பெனிகள் ஒவ்வொரு ஓட்டலுக்கும் வருடத்தில் ஒரு முறை சாதாரண விருந்தினரைப் போல ஆளை அனுப்பிச் சோதிக்கும். யார், எப்போது என்று ஓட்டலின் பொது மேலாளருக்குக்கூடத் தெரியாது. வந்து தங்குவார்கள், சாப்பிடுவார்கள், குறை சொல்லிப் பார்ப்பார்கள், போய் ஒவ்வொரு வரிக்கும் மதிப்பெண் போட்டு அறிக்கை அனுப்புவார்கள். எங்களுக்கு மாமாவின் ஐந்தாம் மாதத்தில் வந்தார்கள். சென்னையிலிருந்து வந்த ஒரு தம்பதி என்று பின்னால் தெரிந்தது. அறிக்கையில் வாசல்காரருக்கு எல்லா வரியிலும் முழு மதிப்பெண். வரவேற்பில் இருந்த கனிவைப் பற்றித் தனியாக ஒரு பாராட்டு. பதினோராவது வரியில் மட்டும் பூஜ்யம். 'புறப்படும்போது ஃபார் என்று கேட்டார். என்ன கேட்கிறார் என்று விளங்கவில்லை' என்று குறிப்பு. அந்த வரி கட்டாய வரிகளில் ஒன்று. கட்டாய வரி ஒன்று தவறினால் அந்தப் பக்கம் முழுவதும் தோல்வி.

ஒரு திங்கட்கிழமை காலை பொது மேலாளர் அறைக்கு மாமாவைக் கூப்பிட்டார்கள். மேலாளர், ஆட்களைக் கவனிக்கும் பெங்களூர் அம்மாள், மொழிபெயர்க்க நான். மேலாளர் தன்மையாகத்தான் கேட்டார். எல்லாம் நன்றாகச் செய்கிறீர்கள், இந்த ஒன்றை ஏன் செய்வதில்லை?

மாமா தலைப்பாகையைக் கையில் வைத்திருந்தார். "கேட்டா அவுங்களுக்கு நல்லதில்ல சார். எங்க பக்கத்துல கேக்க மாட்டோம். கடலுக்குப் போறவன நீங்க கேட்டா அவன் தொழிலுக்கே போவ மாட்டான். நம்மகிட்ட வந்து தங்குனவங்கள நான் எப்படிக் கேப்பேன்?"

மேலாளர் என்னைப் பார்த்தார்.

"அந்த நேரத்தில் அவருக்கு ஆங்கிலம் வருவதில்லை என்கிறார்," என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. அவர் ஐந்து மாதமாக வகுப்புக்குப் போகிறார்.

மாமா என்னைப் பார்த்துக்கொண்டே, மேலாளரிடம் சொன்னார். "நோ சார். இங்கிலீஷ் ஓகே. ஐ டோன்ட் ஆஸ்க்."

அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் இப்போது சொன்னது பொய் என்றாகும். வகுப்பில் சொன்னதும் பொய் என்றாகும். என் வேலையும் அந்த ஆண்டுதான் நிரந்தரமாக வேண்டியிருந்தது. மேலாளர் எனக்குப் போதிய நேரம் கொடுத்தார். நான் மேஜையில் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேலாளர் எழுதினார்: விதி தெரியும், மொழி தெரியும், செய்ய மறுக்கிறார். இதில் அவரைக் குறைசொல்ல எனக்கு எதுவும் இல்லை. அவருக்குக் கிடைத்த தகவலின்படி அது சரியான வாக்கியம். நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

பயிற்சிக் காலத்தோடு வேலை முடிகிறது என்ற கடிதம் மாத இறுதியில் வந்தது. விதிமுறைப்படி அதைத் தொழிலாளியின் மொழியிலும் கொடுக்க வேண்டும். தமிழில் எழுதிக்கொடுத்தேன். 'தங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்' என்ற கடைசி வரி வரைக்கும் எழுதினேன்.

மாமா என்னிடம் சண்டை போடவில்லை. அக்காவும் போடவில்லை. அவள் மாதத்தை எண்ணுவதை நிறுத்திவிட்டாள். அதைத் தவிர அந்த வீட்டில் வெளியே தெரியும்படி ஒன்றும் மாறவில்லை. சில வாரங்களில் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலை வாசலில் ஏஜென்சி மூலம் காவலாளியாகச் சேர்ந்தார். என்றைக்கு வேண்டுமானாலும் வர வேண்டாம் என்று சொல்லக்கூடிய வேலை. அங்கேயும் வாசல். வேலை நேரத்தில் வெளியே போகிறவர்களுக்கு ஒரு நோட்டு உண்டு; பெயர், நேரம், போகும் இடம். போகும் இடத்தை அவர் கேட்டு எழுதுவதில்லை, பேனாவை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுகிறார் என்று அக்கா ஒரு நாள் சொன்னாள். அங்கே அதற்கு மதிப்பெண் போட யாரும் வருவதில்லை.

கம்பெனி வளர்ந்துகொண்டிருந்தது. தெற்கே இன்னும் சில ஓட்டல்களை எடுத்தார்கள். எடுக்க எடுக்க அவர்களுக்கு ஒரு கவலை வந்தது: எல்லா ஓட்டலும் ஒரே மாதிரி இருக்கிறது. விளம்பரத்தைக் கவனிக்கும் பெண்மணி ஒருவர் வந்தார். ஒவ்வொரு ஊரிலும் அந்த ஊருக்கு மட்டுமே உரிய ஏதாவது ஒன்று வேண்டும் என்றார். கோயில், பிச்சாவரம், கொத்சு என்று நான் கொடுத்த எல்லாவற்றையும் எல்லோரும் ஏற்கெனவே எழுதிவிட்டார்கள் என்றார். வேறு ஏதாவது? வீட்டுக்குள் இருப்பது, வெளியே தெரியாதது?

அன்று மதியம் ஒரு பக்கம் எழுதினேன். புறப்படுகிறவரை எங்கே என்று கேட்காத கடற்கரை மக்களைப் பற்றி. தண்ணீர்ச் சொம்பைப் பற்றி. "தூரமா?" என்ற சொல்லைப் பற்றி. நன்றாகவே எழுதினேன். ஒருமுறைகூட அடித்துத் திருத்த வேண்டியிருக்கவில்லை. மூடநம்பிக்கை என்ற சொல் எங்கேயும் வரவில்லை.

அந்தப் பெண்மணி இரண்டு முறை படித்தார். மேலாளரிடம் நீட்டினார். மேலாளர் படித்துவிட்டுச் சொன்னார்: "எவ்வளவு அழகாக இருக்கிறது. இது இங்கேயே இருந்திருக்கிறது. யாரும் நமக்குச் சொல்லவில்லையே?"

அவர் நடிக்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியாது. வாசல்காரர் ஒருவர் மறுத்தார் என்பது நினைவிருக்கலாம். ஏன் மறுத்தார் என்பது அவர் காதுக்குப் போய்ச் சேரவே இல்லை. போகாமல் பார்த்துக்கொண்டவன் நான்.

பதினோராவது வரியை மாற்றினார்கள். தெற்கில் உள்ள எல்லா ஓட்டல்களிலும் புறப்படும் விருந்தினரிடம் வாசல்காரர் கைகூப்பி, தமிழிலேயே "தூரமா?" என்று கேட்க வேண்டும். என் ஒரு பக்கத்தைச் சுருக்கி, கெட்டி அட்டையில் ஆங்கிலத்தில் அச்சடித்து ஒவ்வொரு அறையிலும் தலையணைப் பக்கத்தில் வைத்தார்கள். எங்கள் வாசலில் இப்போது ஒடிசாக்காரர் ஒருவர் நிற்கிறார். உயரமானவர், நல்ல மனிதர். மீசை வளர்க்கச் சொன்னார்கள், வளர்த்தார். அவருக்குத் "தூரமா" சொல்லிக்கொடுக்க என்னைத்தான் அனுப்பினார்கள். மூன்று நாளில் வந்துவிட்டது. விருந்தினர்கள் அவர் சொல்வதை வீடியோ எடுக்கிறார்கள்.

அட்டை எங்கள் குப்பத்துக்கு வர அதிக நாள் ஆகவில்லை. அறை சுத்தம் செய்யும் வேலையில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி இருக்கிறாள். அழகாக இருக்கிறதே என்று ஒன்றை எடுத்து வந்திருக்கிறாள்.

புது ஓட்டல் ஒன்றில் பயிற்சி கொடுக்கக் கம்பெனி என்னைக் கேரளாவுக்கு அனுப்பியது. வேலை நிரந்தரமாகி, பதவியும் ஒரு படி ஏறியிருந்தது. போகுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் அக்கா வீட்டுக்குச் சொல்லிக்கொள்ளப் போனேன். அக்கா சங்கரா மீன் குழம்பு வைத்திருந்தாள். சாப்பிட்டு முடித்த நேரத்தில் மாமா முதல் ஷிப்ட் முடிந்து வந்தார். காவலாளியின் நீலச் சட்டை, தோளில் விசில் கயிறு. கை கால் கழுவிக்கொண்டு வந்து, டிவிக்குப் பின்னால் இருந்து அந்த அட்டையை எடுத்தார்.

"படிச்சு தமிழ்ல சொல்லு மச்சான். எனக்குப் பாதிதான் புரியுது." பிறகு சொன்னார்: "இந்தத் தடவ சரியா சொல்லு."

வரி வரியாகச் சொன்னேன். எதையும் விடவில்லை, எதையும் சேர்க்கவில்லை. எங்கள் வாசலில் உங்களை யாரும் எங்கே என்று கேட்க மாட்டார்கள். உங்கள் பயணம் நல்லபடியாக முடிய வேண்டும் என்பதுதான் எங்கள் அக்கறை என்று அட்டை முடிந்தது. அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நல்லா எழுதியிருக்க. ஒம் பேரு போட்டுருக்காங்களா?"

"இல்ல மாமா. கம்பெனி பேருதான்."

"என் பேரு?"

அக்கா அடுப்படியிலிருந்து சொன்னாள். "ஒம் பேரத்தான் மொதல்லயே அடிச்சிட்டாங்களே. அப்புறம் எங்கேருந்து போடுவாங்க?"

அவர் சிரித்தார். அட்டையை வாங்கி மறுபடி டிவிக்குப் பின்னால் வைத்தார். வெளியே போய் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

சிறிது நேரம் கழித்து நான் எழுந்தேன். பையைத் தோளில் மாட்டினேன். "வரேங்க்கா," என்றேன். அக்கா தலையாட்டினாள். அந்த வீட்டுக்கு மூன்றே படிகள். முதல் படி இறங்கினேன், இரண்டாவதும் இறங்கினேன்.

"எங்க மச்சான் போற?"

தெளிவாகக் கேட்டார். புன்னகையுடன் கேட்டார். கடைசிப் படியில் நான் கால் வைப்பதற்கு முன் கேட்டார். புத்தகத்தில் நான் எழுதியிருந்தது போலவே, ஒரு பிசகும் இல்லாமல்.

உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. அக்கா ஈரக் கையோடு ஓடி வந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். திரும்பிப் போய்ச் சொம்பில் தண்ணீர் மொண்டு வந்தாள்.

"உள்ள வா. உக்காந்து தண்ணியக் குடிச்சிட்டுப் போ."

"அவனுக்கு என்னாத்துக்குடி அதெல்லாம்?" என்றார் மாமா, தெருவைப் பார்த்தபடி. "ஒண்ணும் ஆவாதுன்னு எங்கிட்ட அவன்தான் சொன்னான்."

நான் திரும்பி உள்ளே போய் உட்கார்ந்தேன். சொம்புத் தண்ணீரைக் கடைசி வரைக்கும் குடித்தேன். மறுபடி படி இறங்கியபோது அவர் அதே நாற்காலியில் இருந்தார். தூரமா என்று கேட்கவில்லை. போயிட்டு வா என்றும் சொல்லவில்லை.